கரிக்கு மாற்று கரியே

‘கார்பன் இல்லாத தொழில்துறை’ என்னும் தொடர் சில ஆண்டுகளாக நாளிதழ்த் தலையங்கங்களிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் கல்லூரிக் கட்டுரைப் போட்டிகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. ‘கார்பன் நீக்கம்’, ‘கரிமமற்ற வளர்ச்சி’ என்று அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. நல்லெண்ணத்தில் பிறந்த தொடர்கள்தாம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வேதித்தொழிலைப் பொறுத்தவரை இத்தொடர் வெறும் பிழையன்று. நம் கண்ணெதிரே நடக்கும் பெரும் விரயம் ஒன்றை மறைத்து நிற்கும் திரை. அத்திரையைச் சற்றே விலக்குவதுதான் இக்கட்டுரையின் வேலை. தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. சொல்லில் தொடங்கிய கோளாறு ஆதலால் சொல்லாராய்வோருக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு.

நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரத்துக்கும் முப்பந்தல் காற்றாலை தந்த மின்சாரத்துக்கும் விளக்கு வேறுபாடு அறியாது. கம்பி வழியே வருவது கரியன்று, ஆற்றல். ஆகவே அங்கே கரியை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். ஆனால் குளியலறை வாளியும், பாலியெஸ்டர் சட்டையும், தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினும், வண்டிச் சக்கரத்தின் செயற்கை ரப்பரும் அத்தகையன அல்ல. அவற்றின் உடலே கரிமம். பாலித்தீன் வாளியிலிருந்து கரிமத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஹைட்ரஜன் வாயு மட்டுமே. அதில் தண்ணீர் மொள்ள இயலாது. ‘கரிம வேதியியல்’ என்று பாடநூலில் நாமே பெயர் சூட்டிவிட்டு, அத்துறை கரிமத்தைத் துறக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவது, இலக்கணத்திலிருந்து எழுத்தை நீக்குவோம் என்பது போலாகும்.

இன்று அக்கரிமத்தின் மிகப்பெரும் பங்கு கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரி என்னும் மூன்றிலிருந்தே வருகிறது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக எண்ணெய்த் தேவையில் 14 விழுக்காடும் எரிவாயுத் தேவையில் 8 விழுக்காடும் பெட்ரோலிய வேதித்தொழிலுக்கே போகின்றன. அத்தொழில் வாங்கும் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி எரிக்கப்படுவதேயில்லை. மூலப்பொருளாகிப் பண்டத்துக்குள் புகுந்துவிடுகிறது. சமையலை எண்ணிப் பார்த்தால் விளங்கும். விறகடுப்பை மின்னடுப்பாக மாற்றிவிடலாம். உலையில் இடும் அரிசிக்குப் பதிலாக மின்சாரத்தை இட முடியுமோ?

எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘கரிமத்தை எப்படி நீக்குவது?’ என்பதன்று, ‘எங்கிருந்து எடுப்பது?’ என்பதே. மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்ததை எடுத்தால், பண்டம் எரியும்போதோ மட்கும்போதோ புதிய கரிமம் காற்றில் ஏறுகிறது. காற்றிலிருந்து பயிர் ஈர்த்ததை எடுத்தால் பழைய கணக்கு நேராகிறது. பயிர், முன்பே பண்டமாகிக் கழிந்த பொருள், புகைபோக்கியின் கரியமில வாயு என்று வாயில்கள் மூன்றுதாம். ‘கார்பன் நீக்கம்’ என்று சொல்லிவிட்டால் இம்மூன்றைப் பற்றியும் பேச வேண்டிய கட்டாயமே எழுவதில்லை. ‘புதைபடிவ நீக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ‘மாற்று எது?’ என்ற வினா வாசலில் வந்து நிற்கும்.

இதெல்லாம் மேலைநாட்டார் இப்போது கண்டுபிடித்துத் தந்த புதுமை என்று எண்ணுவோருக்கு ஒரு பழங்கதை. இந்தியாவின் முதல் பாலித்தீன் ஆலை 1959இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் இயங்கத் தொடங்கியபோது, அது நாப்தாவைப் பிளந்து எத்திலீன் எடுக்கவில்லை. சர்க்கரை ஆலைகளில் சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, வடித்த எரிசாராயத்திலிருந்துதான் எத்திலீன் எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 1963இல் தொடங்கிய செயற்கை ரப்பர் ஆலையும் சாராயத்தையே நம்பி எழுந்தது. கரும்பிலிருந்து டயர்! காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் ஆலை 1989 முதல் பாலியெஸ்டர் இழைக்குத் தேவையான கிளைகாலைச் சாராயத்திலிருந்து செய்துவருகிறது. பிரேசிலில் பிரஸ்கெம் நிறுவனம் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்யும் ஆலையை 2010இல் டிரியுன்ஃபோவில் திறந்தபோது உலகம் வியந்தது. நாமும் வியந்தோம், நம் பாட்டன் வீட்டுப் பாத்திரத்தை அயலார் வீட்டில் கண்டு வியப்பவரைப் போல.

அத்தொழில் ஏன் தேய்ந்தது? வேதியியல் தோற்கவில்லை, விலை தோற்றது. 1960களின் பிற்பகுதியில் மும்பைப் பகுதியிலும், 1978இல் வடோதராவிலும், பின்னர் ஹசீராவிலும் நாப்தா பிளக்கும் பேராலைகள் எழுந்தன. 1991க்குப் பின் இறக்குமதித் தீர்வைகள் இறங்கின. 1993இல் மொலாசஸ் மீதும் சாராயத்தின் மீதும் இருந்த நடுவணரசின் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. மலிவான எண்ணெய்க்கு எதிரே கழிவுப்பாகு நிற்க முடியவில்லை. எண்ணெயின் விலையில் அது காற்றுக்குச் செய்யும் கேடு சேர்க்கப்படவில்லை என்பதை நினைவிற்கொண்டால், அப்போட்டி ஒருபோதும் நேர்மையான போட்டியாக இருந்ததில்லை என்பது புலப்படும்.

நிற்க. இன்று நாட்டில் சாராயத்துக்குப் பஞ்சமில்லை. 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடாகத் தொடங்கிய பெட்ரோல் எத்தனால் கலப்பு, 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2030க்கு என்று குறித்திருந்த 20 விழுக்காட்டு இலக்கு முன்கூட்டியே 2025இல் எட்டப்பட்டது. 2024-25 கொள்முதல் ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் கலந்த எத்தனால் சுமார் 1000 கோடி லிட்டர். இதைப் பசுமைச் சாதனை என்று கொண்டாடுகிறோம். நமக்கோ இது, சந்தனக் கட்டையை வெந்நீர் அடுப்புக்கு வைக்கும் செயலாகத் தோன்றுகிறது.

கணக்கைப் பார்ப்போம், தமிழாசிரியர் போடும் கணக்கு என்று அஞ்ச வேண்டா, எளிய கணக்குதான். ஒரு டன் எத்திலீன் செய்ய ஏறத்தாழ 1.7 டன் எத்தனால் வேண்டும். 1000 கோடி லிட்டர் எத்தனாலின் எடை சுமார் 79 லட்சம் டன். அதைக் கொண்டு ஏறக்குறைய 46 லட்சம் டன் எத்திலீன் செய்யலாம். உலகம் வியந்த அந்தப் பிரேசில் ஆலையின் திறன், 2023இல் விரிவாக்கிய பின்னும், ஆண்டுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் டன். அதுபோன்ற பதினேழு ஆலைகளுக்கான கரிமத்தை ஓராண்டில் போக்குவரத்து நெரிசலில் நின்றபடி எரித்துத் தீர்க்கிறோம். வண்டிக்கு மின்கலம் என்றொரு மாற்று வந்துவிட்டது; சென்னைத் தெருக்களில் மின்சாரப் பேருந்துகளே ஓடுகின்றன. வாளிக்கும் மருந்துக்கும் அப்படி ஒரு மாற்று இல்லை. வேறு வழி உள்ளவனுக்கு விருந்து வைத்துவிட்டு வேறு வழி இல்லாதவனை வாசலில் நிறுத்துவது எவ்வகை அறம்?

வாசலில் நிற்பவன் என்ன செய்கிறான் என்பதையும் கேளுங்கள். அசிட்டிக் அமிலம், எத்தில் அசிட்டேட் முதலியவற்றைச் சாராயத்திலிருந்து செய்யும் இந்திய ஆலைகள் இன்னும் சில உள்ளன. உள்நாட்டுச் சாராயம் எரிபொருளுக்குத் திருப்பப்படுவதால் வேதித்தொழிலுக்கு வேண்டிய எத்தனால் பல ஆண்டுகளாக வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, கப்பலேறி வருகிறது. நம் வயலில் விளைந்த கரிமத்தை வண்டியில் எரித்துவிட்டு, நம் ஆலைக்கு அமெரிக்க மக்காச்சோளத்தின் சாராயத்தை விலைகொடுத்து வாங்குகிறோம். அன்னியச் செலாவணி மிச்சமாகிறது என்று வாதிடுவோர் இந்தப் பக்கத்தையும் பேரேட்டில் எழுதுவார்களாக.

‘எரிசாராயம்’ என்ற நம் சொல்லையே கவனியுங்கள். மருந்து, சாயம், ரப்பர், இழை எனப் பல பிறவி எடுக்க வல்ல ஒரு பொருளுக்கு, எரிப்பதற்கென்றே பிறந்தது போன்ற பெயர். கொள்கை வகுப்போர் தமிழ் அறிந்தவர்களாக இருக்க நியாயமில்லை. ஆயினும் பெயரின் வழியேதான் நடந்திருக்கிறார்கள்.

‘அப்படியானால் கரும்பையெல்லாம் பிளாஸ்டிக் ஆக்கச் சொல்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்பதே விடை. காரணமும் கணக்கில்தான் உள்ளது. ஒரு டன் கழிவுப்பாகு 220 லிட்டர் அளவுக்குச் சாராயம் தரும். ஒரு டன் கரும்பிலோ 40, 45 கிலோ பாகுதான் மிஞ்சும். அவ்வாறாயின், கழிவுப்பாகை மட்டுமே நம்பி ஒரு டன் பாலித்தீன் செய்ய 200 டன்னுக்கு மேற்பட்ட கரும்பு ஆலைக்குள் போய்வர வேண்டும். ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால் ஐந்து ஏக்கர். ஏறத்தாழ ஓராண்டின் பாசனம். இத்தனை நீரும் உழைப்பும் உறைந்த பொருளை இடியாப்பம் கட்டித்தரும் பைக்குச் செலவிடலாமா? தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி முதல் தடை உள்ளது. ‘இது கரும்பில் செய்தது, பசுமையானது’ என்று அப்பை மறுவாசல் வழியே நுழையுமானால் நாம் முதல் ஆளாக எதிர்ப்போம். ஏனெனில் கரும்புப் பாலித்தீனும் எண்ணெய்ப் பாலித்தீனும் ஒன்றே. மட்காது, மாட்டின் வயிற்றில் அதே முடிச்சுதான் விழும். பிறப்பு வேறு, குணம் வேறு. ‘உயிரி’ என்னும் முன்னொட்டைக் கண்டதும் மட்கிவிடும் என்று மயங்குவோரைக் குறிவைத்தே விளம்பரங்கள் எழுதப்படுகின்றன.

அரிதானது என்பதால்தான் எரிக்காதீர் என்கிறோம். அரிதானது என்பதால்தான் வீசி எறியும் பண்டமாக்காதீர் என்றும் சொல்கிறோம். குழாய்க்கும் மருந்துக்கும் ரப்பருக்கும் ஆகட்டும். ஒருமுறை பண்டமானதை மறுபடி உருக்கிப் பயன்படுத்திய பிறகும் குறைவதை மட்டும் பயிரிலிருந்து நிரப்பட்டும்.

சோற்றுக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. கழிவுப்பாகு போதாதபோது கரும்புச்சாறே காய்ச்சப்பட்டது, 2023இல் மழை பொய்த்துச் சர்க்கரை குறையும் என்ற அச்சம் வந்ததும் அதற்குத் தடை விழுந்தது, 2024இல் நீங்கியது. இடைவெளியைத் தானியம் நிரப்பிற்று. இப்போது கலக்கப்படும் எத்தனாலில் பாதிக்கு மேல் தானியத்தினுடையது. 2024-25இல் உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து மட்டும் 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கென ஒதுக்கப்பட்டது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரிடம் தீவன விலையைக் கேட்டால் இந்தப் ‘பசுமை’யின் மறுபக்கத்தைச் சொல்வார். வேதித்தொழில் தானியத்தைத் தொடலாகாது என்பதில் நாம் உறுதியாக நிற்கிறோம். ஆமணக்கு, வைக்கோல், கரும்புச்சக்கை, கழிவுப்பாகு என்று உண்ணாப் பொருளுக்குள்ளேயே அது நிற்க வேண்டும். ஆமணக்கைச் சொன்னதும் இன்னொரு வயிற்றெரிச்சல் நினைவுக்கு வருகிறது. உலகுக்கு ஆமணக்கெண்ணெய் தருவதில் முதலிடம் நமக்கு, குறிப்பாகக் குஜராத்துக்கு. அவ்வெண்ணெயிலிருந்து நைலான்-11 செய்யும் வித்தையோ இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே பிரான்சின் கையில். விதை நமது, விலை அவர்களது.

உழவர் தரப்பு வாதத்தை ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. எத்தனால் கொள்முதல் வந்தபின் ஆலைகளின் கையில் பணம் புரண்டு, கரும்பு நிலுவை பல இடங்களில் தீர்ந்தது உண்மை. நிலுவைக்காக ஆலை வாசலில் காத்துக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படித்தவர்கள். அவ்வருத்தம் நாம் அறியாததன்று. ஆனால் உழவருக்கு வேண்டியது நிலையான விலையும் நாணயமான கொள்முதலுமே. வாங்குபவர் பெட்ரோல் விற்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த உழவரும் கேட்டதில்லை. எண்ணெய் நிறுவனத்துக்கு விற்றால் அரசு குறித்த விலை. வேதி ஆலைக்கு விற்றால் சந்தை விட்ட வழி. இந்த ஓரவஞ்சனையை நீக்கி, பண்டமாகும் சாராயத்துக்கும் அதே உறுதிவிலையைத் தரட்டுமே.

இனி விளம்பரக்காரர்களின் பக்கம். பெருநிறுவனங்கள் சில, எண்ணெயோடு கொஞ்சம் தாவர எண்ணெயையோ கழிவெண்ணெயையோ சேர்த்து ஆலைக்குள் விடுகின்றன. நூறு பங்கில் ஒரு பங்கு தாவரத்தினது என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் பண்டம் எல்லாவற்றிலும் அது கலந்தே இருக்கும். ஆனால் ‘பொருட்சமன்’ என்றொரு கணக்குமுறையின்படி, அந்த ஒரு பங்கையும் தமக்கு வேண்டிய ஒரு பண்டத்தின் தலையில் எழுதி, ‘இது முழுக்கத் தாவரக் கரிமம்’ என்று சான்றிதழோடு விற்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் தொண்ணூற்றொன்பது குடம் எருமைப்பாலோடு ஒரு குடம் பசும்பாலை ஊற்றிக் கலக்கிவிட்டு, மேலத்தெருவுக்குப் போகும் ஒரு குடத்துக்கு மட்டும் ‘சுத்தப் பசும்பால்’ என்று சீட்டு ஒட்டுவதைப் போன்றது இது. இருக்கும் ஆலையை இடிக்காமலே மாற்றத்தைத் தொடங்க இது உதவும் என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவர். உதவலாம். சங்கத்தின் பேரேட்டில் அப்படி எழுதிக்கொள்ளட்டும். குழந்தைக்குப் பசும்பால் கேட்டவளிடம் அந்தக் குடத்தை நீட்டலாகாது.

இவ்விடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘கரி’ என்னும் சொல்லுக்கு அடுப்புக்கரி என்றும் யானை என்றும் பொருள் உண்டு. மூன்றாவதாகச் சான்று, சாட்சி என்னும் பொருளும் உண்டு. பழந்தமிழ் படித்தோர் அறிவர். அறிவியலும் அதையே செய்துவைத்திருக்கிறது. உயிருள்ள பயிர் காற்றிலிருந்து ஈர்க்கும் கரிமத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை மிகச் சிறிதளவு கலந்திருக்கும். அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த எண்ணெயில் அது முற்றும் அற்றுப்போயிருக்கும். ஆகவே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், அதன் கரிமத்தில் எத்தனை விழுக்காடு பயிரிலிருந்து வந்தது, எத்தனை புதைகுழியிலிருந்து வந்தது என்று கரியே கரி சொல்லிவிடும். கீழடியின் காலத்தைச் சொன்ன அதே முறைதான். பிரேசில் கரும்புப் பாலித்தீன் இச்சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மேற்சொன்ன சான்றிதழ்க் குடங்கள் அஞ்சும். அதனால்தான் சோதனையைக் கேட்டால் கணக்கேட்டை நீட்டுகின்றன. ‘தாவரப் பிளாஸ்டிக்’ என்று இந்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு பண்டத்தின் மீதும் கார்பன்-14 சோதனையில் கண்ட விழுக்காட்டை அச்சிட வேண்டும் என்று சட்டம் வேண்டுகிறோம்.

புகைபோக்கியிலிருந்தே கரிமத்தைப் பிடிக்கலாமே என்போரும் உளர். பிடிக்கலாம். நம் தூத்துக்குடியிலேயே 2016இல், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷ் செய்யும் திட்டம் தொடங்கி உலகச் செய்தியாயிற்று. பெருமைதான். ஆனால் அந்தப் புகை நிலக்கரிப் புகை. அந்தச் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் பிடித்த வாயு அங்கே திரும்ப வெளியேறிவிடும். சீனாவின் அன்யாங்கில் 2022இல் தொடங்கிய ஆலை கரியமில வாயுவிலிருந்து ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனால் செய்யும் திறனுடையது. அதற்கான ஹைட்ரஜனோ நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும்போது வரும் வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் வழி மலிவாகும் வரை இவ்வாயில் பாதிதான் திறந்திருக்கிறது. திறக்கும் என்றே நம்புகிறோம். அதற்காகத் திறந்திருக்கும் வாயிலை அடுப்பெரிக்கப் பெயர்த்தெடுக்க வேண்டுமா?

கடைசியாக, நம் மாநில அரசுகளிடம் ஒன்று. தொழிலுக்கான சாராயத்தின் மீது மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு 1989இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தது வேறெவருமல்லர், பரேலியின் அந்தச் செயற்கை ரப்பர் நிறுவனமே. 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பதின்மர் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றி, தொழிற்சாராயமும் ‘போதை தரும் மது’ என்னும் சொல்லுக்குள் அடங்கும், மாநிலங்கள் அதை ஒழுங்குபடுத்தலாம் என்றது. நீதிபதி நாகரத்தினா மட்டும் மாறுபட்டார். மாநில உரிமை என்ற வகையில் இத்தீர்ப்பு நமக்கு உவப்பானதே. தொழிலுக்கென வந்த சாராயம் குடிசைக்குள் நுழைந்தால் என்னாகும் என்பதைக் கள்ளக்குறிச்சியில் 2024 சூனில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து நாம் கண்டோம், அது மெத்தனால். காவல் வேண்டும், கடுங்காவலே வேண்டும். ஆனால் காவல் வேறு, கல்லா வேறு. டாஸ்மாக் பழக்கத்தில் ஊறிய கருவூலம், ரப்பராகவும் இழையாகவும் ஆகப்போகும் சாராயத்தையும் குவார்ட்டர் புட்டியாகவே பார்த்து வரி விதிக்குமானால், எஞ்சியிருக்கும் ஆலைகள் சாராயத்தை விட்டு நாப்தாவுக்கே திரும்பும். அப்போதும் நம் பேரவையில் ‘கார்பன் இல்லாத தமிழகம்’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். தீர்மானத்தை அச்சிட்ட மையும், உறுப்பினர்க்கு வழங்கிய பிளாஸ்டிக் கோப்பும் எந்தக் கரிமத்தால் ஆனவை என்று எதிர்க்கட்சியில் ஒருவரேனும் எழுந்து கேட்பாரா?